வெக்கை ஒழிஞ்ச கதை: ஊசிக்கு ஒரு காலம், ரத்தத்துக்கு ஒரு காலம்

நம்ம ஊர்ப் பக்கம் கால்நடை மருந்தகத்துல இருந்து ஆள் வந்து மாட்டுக்கு ரத்தம் எடுத்தா, சுத்தி நிக்கிறவங்க கேக்குறது ஒரே கேள்விதான். "நல்லா இருக்க மாட்டுக்கு எதுக்குவே ரத்தம்? நோய் வந்து கிடக்கும்போது ஒருத்தரையும் காணோம்." கேள்வி நியாயமானது. இதுக்குப் பதில் தெரியணும்னா வெக்கை நோய் ஒழிஞ்ச கதையைத் தெரிஞ்சிக்கிடணும். அந்தக் கதையில ஊசி பாதிதான். மீதிப் பாதி, எந்த மாட்டுல எந்த நேரத்துல ரத்தம் எடுத்தாங்கங்கிறதுதான்.

இப்போ உள்ள பிள்ளைகளுக்கு வெக்கைங்கிற பேரே தெரியாது. தெரியாம இருக்கிறது நல்ல விஷயம்தான். கோமாரியை எல்லாரும் பார்த்திருக்கோம். வாயில புண்ணு, குளம்புல புண்ணு, பால் குறையும், மாடு இளைக்கும், ஆனா பெரிய மாடு பெரும்பாலும் பிழைச்சுக்கிடும். வெக்கை அப்படி இல்ல. கடுங்காய்ச்சல், கண்ணுலயும் மூக்குலயும் ஒழுகல், வாய் பூரா புண்ணு, அதுக்குப் பிறகு நாத்தம் பிடிச்ச கழிச்சல். ஒரு வாரம் பத்து நாள்ல மாடு விழுந்திரும். எதிர்ப்புச் சக்தி இல்லாத மந்தைக்குள்ள நுழைஞ்சிட்டா தொழுவமே காலியாகும்.

நம்ம தாமிரபரணிப் பாசனத்துல கார், பிசானம்னு ரெண்டு பூ. டிராக்டர் வராத காலத்துல ஏர் மாடு செத்துப்போனா கால்வாய்ல தண்ணி நிறைய வந்தும் பிரயோஜனம் கிடையாது. உழ ஆளு உண்டு, விதை உண்டு, இழுக்க மாடு இல்ல. புது ஜோடி வாங்கணும்னா கடன். அந்தக் கடனுக்கு வட்டி, வட்டிக்கு நெல்லு. ஒரு மாட்டு நோய் ஒரு குடும்பத்தை எத்தனை வருஷம் பின்னால தள்ளும்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

வெள்ளைக்காரன் ஆட்சியில சென்னை மாகாணத்துல 1866-லயே கால்நடை நோய்ச் சட்டம் ஒண்ணு வந்துச்சு. நாடு முழுக்க மாட்டுக் கொள்ளை நோயை விசாரிக்கக் குழு போட்டு 1871-ல அறிக்கையும் வந்துச்சு. 1889-ல பூனாவுல ஆராய்ச்சிக்கூடம் தொடங்கி, 1893-ல அதை இமயமலைப் பக்கம் முக்தேஸ்வருக்குக் கொண்டு போனாங்க. ஊர் ஒதுக்குப்புறமா இருந்தா கிருமி வெளியே பரவாதுன்னு ஒரு கணக்கு. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்ச ராபர்ட் கோக் 1897-ல அங்க வந்து பார்த்துட்டுப் போயிருக்காரு. அதே இடத்துல 1927-ல எட்வர்ட்ஸ்னு ஒரு விஞ்ஞானி, வெக்கைக் கிருமியை ஆட்டு உடம்புல திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைச்சு, மாட்டுக்குப் போடுற தடுப்பூசி ஆக்கினாரு. நம்ம மாகாணத்துக்கு 1932-ல ஒரு மருந்து நிலையம் வந்துச்சு. இன்னிக்கு ராணிப்பேட்டையில இருக்கிற கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அதுதான்.

வெளிநாட்டுக்காரங்களும் இந்த நோய்க்குப் பயந்தவங்கதான். 1920-ல இந்தியாவுல இருந்து பிரேசிலுக்குக் கப்பல்ல போன திமில் மாடுகள் வழியில பெல்ஜியம் நாட்டு ஆன்ட்வெர்ப் துறைமுகத்துல நின்னுச்சு. அதுல இருந்து வெக்கை அங்க பரவிருச்சு. அந்தப் பயத்துலதான் பல நாடுகள் சேர்ந்து 1924-ல பாரிஸ்ல உலகக் கால்நடை நோய்களுக்குன்னு ஒரு அலுவலகமே தொடங்கினாங்க. ஒரு நாட்டுல நோய் இல்லைன்னு சான்று குடுக்கிறது இன்னிக்கும் அந்த அமைப்புதான்.

சுதந்திரம் வந்த பிறகு 1954-ல தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் வந்துச்சு. அஞ்சு வருஷத்துல நூத்துக்கு எண்பது மாட்டுக்கு ஊசி போட்டுறணும்னு இலக்கு. ஊர் ஊரா, சந்தை சந்தையா ஊசி போட்டாங்க. நோய் நல்லாக் குறைஞ்சுது. ஆனா அறுபது, எழுபது, எண்பதுன்னு வருஷம் ஓடியும் வேரோட போகல. காரணம் என்ன? வருஷா வருஷம் புதுக் கன்னு பிறக்குது, அதுக்கு ஊசி விழுந்திருக்காது. வியாபாரி மாட்டை ஓட்டிக்கிட்டும் லாரியில ஏத்திக்கிட்டும் ஒரு ஜில்லாவுல இருந்து இன்னொரு ஜில்லாவுக்குப் போறாரு. அதைவிட முக்கியமா, நோய் எங்க ஒளிஞ்சிருக்குன்னு யாருக்கும் தெரியல.

இங்கதான் ரத்தப் பரிசோதனை வருது. மாட்டு உடம்புக்குள்ள கிருமி போனா, அதை எதிர்க்க ரத்தத்துல ஒரு பொருள் உண்டாகும். அது இருக்கா இல்லையான்னுதான் பரிசோதனை பார்க்குது. ஆனா தடுப்பூசி போட்டாலும் அதே பொருள்தான் உண்டாகும். வெக்கை ஊசி ஒரு தடவை சரியா விழுந்தா அந்த மாட்டுக்கு ஆயுசு பூரா அது ரத்தத்துல நிக்கும். அப்போ ஊசி போட்ட மாட்டுல ரத்தம் எடுத்து "இருக்கு"ன்னு வந்தா, அது நோயில வந்ததா, ஊசியில வந்ததா? யாரும் சொல்ல முடியாது. எல்லா மாட்டுக்கும் ஊசி போட்ட ஊர்ல அந்தப் பரிசோதனை பேசவே பேசாது.

சரி, கன்னுக்குட்டியில எடுப்போம்னா அதுலயும் ஒரு சிக்கல். தாய் சீம்பால்ல குடுத்த எதிர்ப்புப் பொருள் கன்னு ரத்தத்துல பல மாசம் இருக்கும். அதனால ஊசியை நிறுத்தணும். நிறுத்தின பிறகு பிறந்த கன்னா இருக்கணும். அந்தக் கன்னுக்கு ஒரு வயசு தாண்டியிருக்கணும். அந்த மாட்டு ரத்தத்துலயும் எதிர்ப்புப் பொருள் இருந்துச்சுன்னா, அப்போ கிருமி இன்னும் ஊர்ல நடமாடுதுன்னு அர்த்தம். இல்லைன்னா ஒழிஞ்சது. இவ்வளவுதான் சூத்திரம். சொல்ல லேசு, செய்யக் கஷ்டம். ஊசியை நிறுத்துறதுன்னா வேலியைப் பிரிச்சிட்டு வயல்ல மாடு மேயுதா பார்க்கிற மாதிரி.

இதைச் செய்யத்தான் 1992-ல ஐரோப்பிய நாடுகளோட உதவியில புதுத் திட்டம் வந்துச்சு. நாட்டை நாலு மண்டலமாப் பிரிச்சாங்க. எல்லா மாட்டுக்கும் கண்ணை மூடிக்கிட்டு ஊசி போடுறதை விட்டுட்டு, நோயைத் தேடி ஊர் ஊரா விசாரிக்க ஆரம்பிச்சாங்க. தென் மாநிலங்கள்லதான் அது கடைசி வரைக்கும் பிடிவாதமா நின்னுச்சு. 1995-ல நம்ம தமிழ்நாட்டு வட ஆற்காட்டுப் பக்கம் வந்ததுதான் இந்தியாவுல கடைசியாப் பதிவான வெக்கை.

இதுல ஆடும் குறுக்க வந்துச்சு. ஆட்டுக்கு வர்ற ஆட்டுக்கொல்லி நோய் வெக்கைக்குப் பங்காளி. ரெண்டும் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். 1987-ல விழுப்புரம் பக்கம் அரசூர்லதான் அது இந்தியாவுல முதல்ல அடையாளம் தெரிஞ்சுது. ரெண்டையும் பிரிச்சுக் காட்டுற பரிசோதனை கைக்கு வரலைன்னா, ஆட்டுல கழிச்சல் கண்டதும் "வெக்கை திரும்பிருச்சு"ன்னு மறுபடியும் ஊசியைத் தூக்கியிருப்பாங்க. கணக்கு முதல்ல இருந்து தொடங்கியிருக்கும்.

1995-க்குப் பிறகு படிப்படியா ஊசியை நிறுத்தினாங்க. 2000 வாக்குல நாடு முழுக்க நின்னுபோச்சு. பிறகு வருஷக் கணக்கா ரத்தம் எடுத்தாங்க. நோயே இல்லாத ஊர்ல, நல்லா இருக்க மாட்டுல, வயசு பார்த்து எடுத்தாங்க. 2004-ல இந்தியாவுல வெக்கை நோய் இல்லைன்னு பாரிஸ் அமைப்பு சொல்லிச்சு. 2006-ல கிருமியே இல்லைன்னு சொல்லிச்சு. கடைசியாச் செத்த மாட்டுக்கும் அந்தச் சான்றுக்கும் நடுவுல பதினோரு வருஷம். 2011-ல உலகம் பூராவும் ஒழிஞ்சதா அறிவிச்சாங்க. மனுஷன் ஒழிச்ச நோய் இதுவரைக்கும் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு பெரியம்மை, ரெண்டாவது வெக்கை. "நல்லா இருக்க மாட்டுக்கு எதுக்கு ரத்தம்"னு கேட்டோமே, நல்லா இருக்க மாட்டு ரத்தம்தான் அந்தச் சான்றுல சாட்சிக் கையெழுத்து.

வெக்கை மாட்டோட நிக்கல. பிளந்த குளம்பு உள்ள காட்டு மிருகங்களையும் அது பிடிச்சுது. 1968-ல முதுமலை, பந்திப்பூர்க் காட்டுல காட்டுமாடுகளைக் கொத்துக் கொத்தாக் கொன்னுச்சு. மான் இனமும் தப்பாது. நம்ம ஜில்லாவுல இது சும்மா ஏட்டுக் கதை இல்ல. கங்கைகொண்டான்ல 288 ஹெக்டேர்ல புள்ளிமான் சரணாலயம் இருக்கு, 2013-ல அறிவிச்சது. அதைச் சுத்தி ஊரும் மாடும் ஆடும்தான். மேற்க போனா களக்காடு முண்டந்துறை, அங்க மிளா உண்டு, அடிவாரத்துல நம்ம மாடு மேயுது. இதுக்காகவே வனவிலங்குச் சட்டத்துல 1991-ல 33-ஏன்னு ஒரு பிரிவு சேர்த்திருக்காங்க. சரணாலயத்துக்குள்ளயும், அதைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டருக்குள்ளயும் இருக்க கால்நடைக்குத் தொற்று நோய்த் தடுப்பூசி போட வனத்துறை ஏற்பாடு பண்ணணும். ஊசி போடாத மாட்டைச் சரணாலயத்துக்குள்ள மேய்க்கக் கூடாது. மானுக்குப் போய் ஊசி போட முடியாது. நம்ம மாட்டுக்குப் போடுற ஊசிதான் மானுக்கும் வேலி.

நம்ம நாட்டுல மானைத் தனியார் பண்ணையா வளர்க்கச் சட்டம் இடம் குடுக்கல. அமெரிக்காவுல மான் பண்ணை உண்டு. அங்க மானை உருக்கிக் கொல்லுற ஒரு மூளை நோய் இருக்கு. 1967-ல கொலராடோவுல முதல்ல கண்டாங்க. தொத்தின பிறகு அடையாளம் தெரிய ஒண்ணரை ரெண்டு வருஷம்கூட ஆகும். அதனால அங்கேயும் காலம்தான் கணக்கு. திட்டத்துல சேர்ந்த பண்ணையில பன்னிரண்டு மாசம் தாண்டின மான் எது செத்தாலும் பரிசோதனைக்கு அனுப்பணும். அப்படி அஞ்சு வருஷம் நோய் இல்லாம ஓட்டினாத்தான் பண்ணைக்குச் சான்று. குட்டியில பரிசோதிச்சு "இல்லை"ன்னு வந்தா அதுக்கு மதிப்பு கிடையாது, நோய் இன்னும் வெளியே தெரியுற காலம் வரலைன்னுதான் அர்த்தம்.

இப்போ நம்ம தொழுவத்துக்கு வருவோம். 2019-ல மத்திய அரசு கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் சேர்த்து தேசியத் திட்டம் தொடங்கியிருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கோமாரி ஊசி. கன்று வீச்சுக்கு ஆயுசுல ஒரே தடவை, கிடேரிக் கன்னுக்கு மட்டும், நாலு மாசத்துல இருந்து எட்டு மாசத்துக்குள்ள. இந்த நாலு டு எட்டுக்குள்ளதான் விஷயம் இருக்கு. அந்த வயசுல போட்டா எதிர்ப்பு நிக்கும், ஆனா ரத்தத்துல உள்ள அடையாளம் மாடு பருவத்துக்கு வர்றதுக்குள்ள பெரும்பாலும் மறைஞ்சிரும். பெரிய மாட்டுக்குப் போட்டா அடையாளம் மறையாது. நாளைக்கு விக்கும்போது ரத்தம் பார்த்தா, நோய் இல்லாத மாடு நோய் மாடுன்னு வந்து நிக்கும். சினை மாட்டுக்குப் போட்டா கன்னு வீசவும் செய்யலாம்.

ரத்தம் எடுக்கவும் நேரம் உண்டு. கன்னு போட்ட உடனேயோ வீசின உடனேயோ எடுத்தா நோய் உள்ள மாடுகூட இல்லைன்னு காட்டலாம். ரெண்டு மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்க. இந்த நோய் மனுஷனுக்கும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலின்னு மாசக் கணக்குல படுத்தும். வீசின கன்னையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால எடுக்காதீங்க, ஆழமாப் புதைங்க. பாலைக் காய்ச்சிக் குடிங்க.

கோமாரியில ஒரு வசதி வந்திருக்கு. ஊசியில வந்த எதிர்ப்பையும் நோயில வந்த எதிர்ப்பையும் பிரிச்சுக் காட்டுற பரிசோதனை இப்போ உண்டு. வெக்கைக் காலத்துல கிடைக்காத வசதி இது. ஆனா அதுக்கும் கணக்கு சரியா இருக்கணும். அதனாலதான் ஊசிக்கு முன்ன ஒரு தடவை ரத்தம், ஊசி போட்டு மூணு நாலு வாரம் கழிச்சு ஒரு தடவை. முதல் தடவை குடுத்துட்டு ரெண்டாம் தடவை மாட்டை மறைச்சு வச்சா, முதல்ல எடுத்ததும் வீண்தான்.

சின்ன விவசாயி நம்மால ஆகுறது ரெண்டு மூணு காரியம்தான். கன்னு பிறந்த தேதியைச் சுவர்லயோ நோட்டுலயோ எழுதி வைங்க. காதுல போட்ட பன்னிரண்டு இலக்க வில்லையைப் பிடுங்காதீங்க, ஊசி போட்ட கணக்கு அந்த நம்பர்லதான் நிக்குது. சந்தையில வாங்கின மாட்டை மூணு வாரமாவது தனியாக் கட்டிப் போடுங்க. ஊசி போட்டா ரெண்டு நாள் பால் குறையும்னு தள்ளிப் போடாதீங்க. கிடேரிக்கு எட்டு மாசம் முடிஞ்சிட்டா அந்த வயசு திரும்ப வராது.