பணிக் காப்புள்ள குடும்ப, மருத்துவ விடுப்புகள்

பிள்ளைப்பேறு, நோய், வீட்டில் ஒருவரைப் பராமரிக்க வேண்டிய கட்டாயம் ஆகிய காரணங்களால் வேலைக்கு வர முடியாத ஊழியரின் இடத்தை அவருக்காகவே காத்துவைக்கும்படி முதலாளியைக் கட்டுப்படுத்தும் விடுப்புகள் இவை. அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பது ஒரு கேள்வி. திரும்பி வரும்போது வேலை இருக்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது.

இந்தியாவில் இதற்கான விடை, யாரிடம் வேலை பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. தர்மபுரி மாவட்டத்து மொரப்பூரையே எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள ரயில் நிலையத்தில் பணிபுரியும் பெண்ணுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பும், பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. ரயில்வேயில் வேலை செய்யும் தந்தைக்கு 15 நாள். அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு கிடைக்கிறது. அதற்கு முன் அது ஒன்பது மாதமாக இருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஜவுளிக்கடையின் விற்பனைப் பெண்ணுக்கு 26 வாரம். கரும்பு வெட்டப் போகும் பெண்ணுக்கோ விடுப்பு என்று எதுவுமே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, அதுவும் தவணைகளாக, வீடு வரும். அது பசியாற்றும், வேலையைக் காக்காது.

மகப்பேறு விடுப்புக்குச் சென்னை மாகாணத்தில் 1934ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது. அது 12 வாரமாகக் கொடுத்த விடுப்பை 2017 திருத்தம் 26 வாரமாக்கியது. இரண்டு குழந்தைகள் உள்ளவர்களுக்குப் பழைய 12 வாரமே நீடிக்கிறது. பேறுகாலத்துக்கு முந்திய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். கருச்சிதைவுக்கு 6 வாரம், கருத்தடை அறுவைக்கு 2 வாரம், கர்ப்பத்தால் நோய்ப்பட்டால் மேலும் ஒரு மாதம். 2025 நவம்பர் 21 முதல் இந்த விதிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. தினக்கூலிகளுக்கும் இந்தச் சலுகை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்த விடுப்பைப் பற்றிய அண்மைக் காலத்தின் முக்கியமான தீர்ப்பு தர்மபுரி மாவட்டத்திலிருந்துதான் புறப்பட்டது. அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவருக்கு முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளும் அவர் பணியில் சேருமுன் பிறந்தவர்கள். மறுமணத்துக்குப் பின் கருவுற்று, 2021 ஆகஸ்டு முதல் 2022 மே வரை விடுப்புக் கேட்டார். உயிரோடுள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால்தான் விடுப்பு என்ற தமிழ்நாடு அடிப்படை விதி 101(அ)வைக் காட்டிக் கல்வித்துறை மறுத்தது. பணியில் இருக்கும்போது அவர் அதுவரை ஒருமுறைகூட மகப்பேறு விடுப்பு எடுத்ததில்லை. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவர் பக்கம் நின்றார். 2022 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு ஆசிரியைக்கு விடுப்புப் பலன்களை இரண்டு மாதத்தில் வழங்கச் சொன்னது. மகப்பேறு நலச் சட்டம் குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்து வாரங்களைக் குறைக்கிறதே தவிர, விடுப்பையே மறுக்கவில்லை என்று சுட்டிய அமர்வு, மகப்பேறு விடுப்பைப் பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதியாகக் கண்டது. அந்தக் குழந்தைக்கு அதற்குள் மூன்று வயதாகியிருக்கும். விடுப்பு வழக்குகளில் தாமதமே பாதித் தோல்வி.

நோய்க்கான விடுப்பில் கணக்கு வேறு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஆண்டுக்குச் சம்பளத்துடன் 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் தருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெற்று ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் (இ.எஸ்.ஐ.) பதிவானவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 விழுக்காடாக இரண்டாண்டு வரை நீளும். இந்த உதவி பெறும் நாட்களில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாருக்கோ, டயாலிசிஸுக்குப் போகும் கணவருக்கோ துணையிருக்கத் தனியார் ஊழியருக்கென்று தனி விடுப்பு எதையும் மத்தியச் சட்டம் தரவில்லை. அமெரிக்காவின் 1993 குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் பெற்றோர், துணைவர், குழந்தை ஆகியோரின் கடும் நோய்க்கும் 12 வாரம் தருகிறது. அது சம்பளமில்லாத விடுப்பு. ஐம்பது ஊழியருக்குக் குறைவான தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் வேலை காக்கப்படுகிறது. நம் ஊரில் இந்தச் சுமை கூட்டுக்குடும்பத்தின் தலையில், பெரும்பாலும் வேலையை விட்டுவிடும் மருமகளின் தலையில் விழுகிறது. இது சரிசெய்தே ஆக வேண்டிய குறை.

மகப்பேறு விடுப்புக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஊழியர் எந்தத் தேதியிலிருந்து வரமாட்டார், பணத்தை யாரிடம் தரலாம் என்பது அதில் இருக்கும். பேற்றுக்கு முந்திய காலத்துக்கான தொகையை முன்கூட்டியும், மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் முதலாளி கொடுத்தாக வேண்டும். விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்குவதும், பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். அப்படி நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்.