ஒலிபெருக்கிக்குப் பொருத்தம் பார்த்த கதை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் பல இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிய தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குகள், நிலைக்கண்ணாடிகள் ஆகியவற்றுக்கு நடுவே கிராமஃபோன் குழாய்களும் வால்வு வானொலிப் பெட்டிகளும் கிடப்பதைக் காணலாம். விலை பேசும்போது, பெட்டி அழகுக்காக ஒருவரிடமும், அதனுள் இருந்த ஒலிபெருக்கி இன்னொருவரிடமும் போய்ச் சேர்வதுண்டு. ஒலிபெருக்கியை வாங்கியவர் அதைத் தம் வீட்டு ஸ்டீரியோவில் இணைத்துப் பார்க்கிறார். கீழ்ச்சுருதி வற்றிப்போன மெலிந்த ஓசை வருகிறது. அல்லது ஓசையே வருவதில்லை. சில வேளைகளில் புகை வருகிறது. "பழசு, போய்விட்டது" என்று பரணில் போட்டுவிடுகிறார். போடப்பட்டவை எல்லாம் பழுதானவை அல்ல. பொருந்தாத துணையுடன் சேர்க்கப்பட்டவையும் அவற்றில் உண்டு.

இக்கட்டுரையில் பெருக்கி என்பது ஆம்ப்ளிஃபயரையும், ஒலிபெருக்கி என்பது ஸ்பீக்கரையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இரண்டையும் சேர்த்து 'மைக் செட்' என்று முடித்துவிடுகிறோம். ஆனால் இவற்றின் வரலாறு, ஒன்றுக்காக மற்றொன்று மாறி வந்த வரலாறாகும்.

மின்சாரம் வருவதற்கு முன்பே பொருத்தம் என்னும் சிக்கல் வந்துவிட்டது. கிராமஃபோனின் ஊசி ஒரு சிறு தகட்டை அதிரச் செய்கிறது. அத்தகட்டின் அதிர்வை அறைக் காற்று முழுவதற்கும் கொடுப்பது எளிதன்று. பனையோலை விசிறியை மடக்கிப் பிடித்து வீசிப் பாருங்கள்; கை அசைகிறது, காற்று நழுவிவிடுகிறது. விரித்துப் பிடித்தால் அதே கை காற்றைத் தள்ளுகிறது. கிராமஃபோனின் குழாய் செய்வது இந்த விரிக்கும் வேலையே. குறுகிய கழுத்தில் மிகுந்த அழுத்தமாக இருக்கும் அதிர்வை, அகன்ற வாயில் நிறையக் காற்றின் மெல்லிய அசைவாக அது மாற்றித் தருகிறது. மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டித் தருவதை ஒத்தது இது.

1925 வரை குழாய்களை அனுபவத்தைக் கொண்டே செய்தார்கள். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மாக்ஸ்ஃபீல்ட், ஹாரிசன் என்னும் இருவர், தொலைபேசிக் கம்பிகளுக்கு வகுக்கப்பட்ட கணக்கை ஊசி, தகடு, குழாய் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தினார்கள். நிறையை மின்தூண்டியாகவும், வில்லின் நெகிழ்வை மின்தேக்கியாகவும் கொண்டு கணக்கிட்டு, ஒவ்வோர் உறுப்பையும் அடுத்ததோடு பொருத்தினார்கள். அக்கணக்கின்படி அமைந்த 'ஆர்த்தோஃபோனிக்' கிராமஃபோன் 1925-இன் இறுதியில் விற்பனைக்கு வந்தது. ஒரு துளி மின்சாரமும் இல்லாமல், மின்னியலின் கணக்கால் மேம்பட்ட கருவி அது.

அந்த இசைத்தட்டுக் காலத்தில் காரைக்குடிக்கும் ஓர் இடம் உண்டு. 1907-இல் இவ்வூரில் பிறந்த ஏ. வி. மெய்யப்பன், தந்தையார் ஆவிச்சி செட்டியாரின் கடையில் வணிகம் பழகியவர். இசைத்தட்டுகளும் அக்கடையின் சரக்கு. பின்னர் அவர் கூட்டாளிகளுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஜெர்மனியின் ஓடியன் நிறுவனத்தின் தொடர்பில் தமிழ் இசைத்தட்டுகளை வெளியிட்டார். 1940-களில் சொந்த ஊருக்குத் திரும்பி, தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ அமைத்தார். பாரதியார் பாடல்கள் இடம்பெற்ற 'நாம் இருவர்' அங்கே உருவாகி 1947-இல் வெளிவந்தது. 1948-இல் ஸ்டுடியோ சென்னைக்குப் பெயர்ந்தது. அப்படத்தின் பாடலை அக்காலத்தார் மூன்று விதமாகக் கேட்டிருக்கக்கூடும்: பட்டாலையில் கிராமஃபோன் அல்லது வானொலியில், கொட்டகையில் திரைக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கியில், கல்யாண வீட்டு மரத்தில் கட்டிய குழாயில். மூன்றும் மூன்று வகைப் பொருத்தங்கள்.

முதலில் வானொலியை எடுத்துக்கொள்வோம். இன்று நாம் காணும் காகிதக் கூம்பு ஒலிபெருக்கிக்கு வடிவம் கொடுத்தவர்கள் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர்கள். அவர்களுடைய ஆய்வுரை 1925-இல் வெளிவந்தது. காந்தத்தின் இடைவெளியில் கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு, அவ்வளவுதான். சுருளில் சுற்றுகள் சிலவே. ஆதலால் அதன் மின்எதிர்ப்பு 3 ஓம் முதல் 16 ஓம் வரைதான் இருக்கும். வால்வின் நிலையோ நேர் எதிர். மின்னழுத்தம் 250 வோல்ட். மின்னோட்டம் சில பத்து மில்லி ஆம்பியர். 6வி6 போன்ற வால்வு 5000 ஓம் அளவுள்ள சுமையையே விரும்புகிறது. அதற்கு நேரே 3 ஓம் சுருளைக் கட்டினால் திறன் சுருளுக்குப் போய்ச் சேராது. எனவே இடையில் ஒரு மின்மாற்றி தேவைப்படுகிறது. மின்எதிர்ப்பு, சுற்றுகளின் விகிதத்தினுடைய இருமடியாக மாறும் என்பது மாணவர்கள் அறிந்ததே. 5000-ஐ 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 41. முதன்மைச் சுருளில் 41 சுற்றுக்குத் துணைச்சுருளில் ஒரு சுற்று. பழைய வானொலியில் ஒலிபெருக்கியின் முதுகிலேயே திருகப்பட்டிருக்கும் சின்ன மின்மாற்றி இதுதான். பயனற்றதென்று அதை வெட்டி எறிபவர்கள், சுருளின் ஓம் அளவைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு சான்றையும் சேர்த்தே எறிகிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பெட்டிகளில் இன்னொரு புதிர் உண்டு. சில ஒலிபெருக்கிகளிலிருந்து இரண்டுக்குப் பதிலாக நான்கு கம்பிகள் வரும். வலிய நிலைக்காந்தம் விலை மிகுந்திருந்த காலம் அது. எனவே மின்காந்தத்தைப் பயன்படுத்தினார்கள். அதன் சுருளை மின்வழங்கியின் இரைச்சலை வடிகட்டும் தூண்டுசுருளாகவும் ஆக்கிக்கொண்டார்கள். ஒரே சுருளுக்கு இரண்டு வேலை! இத்தகைய ஒலிபெருக்கியைப் பெட்டியிலிருந்து கழற்றிப் புதிய பெருக்கியில் இணைத்தால், காந்தமே இல்லாத சுருள் பேசாது. கழற்றப்பட்ட பெட்டியும் மின்வழங்கியில் ஓர் உறுப்பை இழந்து ஊமையாகிவிடும். இரண்டு பேருக்கு விற்றதால் இரண்டும் வீணாகும் கதை இது. நான்கு கம்பி கண்டால் பெட்டியைப் பிரிக்காமல் வாங்குவதே முறை.

இனி மரத்தில் கட்டிய குழாய். திருவிழாப் பந்தலிலிருந்து 200 மீட்டர் தொலைவில் ஒரு குழாய் இருக்கிறது என்று கொள்வோம். போகவும் வரவும் 400 மீட்டர் மெல்லிய தாமிரக் கம்பி. அதன் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 8 ஓம் ஒலிபெருக்கியை நேரே கட்டினால் திறனில் பாதிக்கு மேல் கம்பியைச் சூடாக்குவதிலேயே போய்விடும். மின்வாரியம் தொலைவுக்கு மின்சாரம் அனுப்பக் கையாளும் அதே உபாயத்தை மைக் செட்டும் கையாண்டது. முழு ஒலியில் 100 வோல்ட் இருக்குமாறு பெருக்கியின் வெளியீட்டை உயர்த்தி, ஒவ்வொரு குழாயின் அருகிலும் ஒரு மின்மாற்றியை வைப்பது. 30 வாட் குழாய் அப்போது கம்பிக்கு 333 ஓம் சுமையாகத் தெரியும்; கம்பியில் இழப்பு நூற்றுக்கு மூன்றே. எத்தனை குழாய் வேண்டுமானாலும் இணையாகக் கட்டலாம். வாட்டைக் கூட்டிப் பார்த்துப் பெருக்கியின் அளவுக்குள் இருந்தால் போதும். எங்கள் பக்கத்து மைக் செட்காரர்கள் இந்தக் கூட்டலை விரல்விட்டே செய்துவிடுவார்கள். ஓமின் விதியை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள என் மாணவர்களை அனுப்பலாம் என்று தோன்றும்.

ஆனால் அந்தக் குழாயை இன்று கூடத்தின் அழகுக்காக வாங்கி இசை கேட்க விரும்புவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். 100 வோல்ட் முனையில் 8 ஓம் ஒலிபெருக்கியை நேரே கட்டலாகாது. அது 1250 வாட் கேட்கும். அடுத்து, குழாயின் பின்னே இருக்கும் 'யூனிட்'டின் தகடு மிகச் சிறியது. குழாய் ஏந்தக்கூடிய அதிர்வெண்ணுக்குக் கீழே காற்றின் பளு இல்லாமல் அது தாறுமாறாக ஆடிக் கிழியும். 16 ஓம் யூனிட்டாக இருந்தால் 33 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தொடராகச் சேர்ப்பது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும். முனைவேறுபாடு இல்லாத வகையாக அது இருக்க வேண்டும்.

கொட்டகையின் பொருத்தம் வேறு. பேசும்படத்தின் தொடக்க காலத்தில் பெருக்கியின் திறன் சில வாட்டுகளே. அதைக் கொண்டு நூற்றுக்கணக்கானோர் கேட்க வேண்டும். ஆகவே ஒலிபெருக்கி சிக்கனமாக இருந்தாக வேண்டும். பெரிய குழாய்கள் அந்தக் கட்டாயத்தில் பிறந்தவை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதே ஒலிபெருக்கியின் உணர்திறன். 92 டெசிபெல் என்றால், கொடுத்த மின்திறனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே ஒலியாகிறது. 102 என்றால் பத்தில் ஒன்று. எஞ்சியதெல்லாம் வெப்பம்.

1947-இல் ஒரு திருப்பம். 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வில்லியம்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளர் 15 வாட் வால்வுப் பெருக்கி ஒன்றின் அமைப்பை வெளியிட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஹரால்டு பிளாக் கண்டறிந்த எதிர்ப்பின்னூட்டத்தை அதில் தாராளமாகப் பயன்படுத்தினார். ஒலித்திரிபு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பெருக்கியின் வெளியீட்டு மின்தடையும் குறைந்தது. டிரான்சிஸ்டர்ப் பெருக்கிகள் வந்தபின் அது ஓமில் ஒரு சிறு பின்னமாகவே ஆயிற்று. இங்கேதான் பொருத்தம் என்னும் சொல்லின் பொருளே மாறுகிறது. டிரான்சிஸ்டர்ப் பெருக்கிக்கு 8 ஓம் ஒலிபெருக்கி பொருந்தும் என்றால், பெருக்கியின் அகமின்தடையும் 8 ஓம் என்பது பொருளன்று. அது ஒரு நல்ல மின்கலம்போல, சுமை எதுவானாலும் மின்னழுத்தத்தை மாறாமல் வைத்திருக்கிறது.

இதன் விளைவை வீட்டிலேயே கண்டறியலாம். எட்டு அங்குலமோ அதற்கு மேலோ உள்ள ஒலிபெருக்கியை எடுத்து, கம்பிகள் திறந்திருக்கக் கூம்பை விரலால் மெல்லத் தட்டுங்கள். 'டும்' என்று ஒலிக்கும். இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டுத் தட்டுங்கள். 'டொக்' என்று அடங்கும். அசையும் சுருளில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அது அசைவையே எதிர்க்கிறது. லென்ஸ் விதிக்கு இதைவிட மலிவான சோதனை இல்லை. டிரான்சிஸ்டர்ப் பெருக்கி, ஒலிபெருக்கியின் கண்ணுக்கு, ஏறக்குறைய அந்த இணைப்புக் கம்பியாகவே தெரிகிறது. பின்னூட்டம் இல்லாத பழைய வால்வு வானொலியோ திறந்த முனைபோலத் தெரியும். அக்காலத்து ஒலிபெருக்கியும் திறந்த முதுகுள்ள மரப்பெட்டியும் அந்த 'டும்'மை எண்ணியே அமைக்கப்பட்டவை. அதைப் புதிய பெருக்கி அடக்கிவிடுவதால்தான் கீழ்ச்சுருதி வற்றிப்போகிறது. 2 முதல் 4 ஓம் வரையுள்ள, 10 வாட் தாங்கும் மின்தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். சிறிது திறன் வீணாகும். தொலைந்துபோன தாழ்ந்த ஒலியில் ஒரு பகுதி திரும்பும்.

திறன் மலிவானதும் ஒலிபெருக்கியின் குணமும் மாறியது. 1954-இல் எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்கர், காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டியில் ஆழ்ந்த கீழ்ச்சுருதியைப் பெறும் வழியைக் காட்டினார். பெட்டிக்குள் அடைபட்ட காற்றே கூம்புக்கு வில். ஆனால் அதற்கு விலை உணர்திறன். சிறு பெட்டி, ஆழ்ந்த ஒலி, மிகுந்த உணர்திறன் என்னும் மூன்றையும் ஒருங்கே பெற இயற்பியல் இடம் தருவதில்லை. இன்றைய சிறு பெட்டிகள் பல 85 டெசிபெல் அளவில் இருக்க, பழைய அகன்ற கூம்பு 95 காட்டக்கூடும். பத்து டெசிபெல் வேறுபாடு, திறனில் பத்து மடங்கு. புதியது 50 வாட்டில் தரும் ஒலியைப் பழையது 5 வாட்டில் தந்துவிடும். எனவே பழைய ஒலிபெருக்கிக்கு 100 வாட் பெருக்கியை வாங்குவது செலவு மட்டுமன்று, அபாயமும் ஆகும். கை தவறி விசையைத் திருப்பினால் சுருள் கருகும். 10 வாட் நல்ல பெருக்கி போதும்.

அறையையும் மறக்கலாகாது. செட்டிநாட்டு வளவின் மெருகேறிய சுண்ணாம்புச் சுவர் ஒலியைக் கண்ணாடிபோலத் திருப்பிவிடும். ஆனால் நடுமுற்றம் வானத்துக்குத் திறந்தது. ஒலியை விழுங்கும் திறனை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் சபைன் எடுத்துக்கொண்ட அலகே 'திறந்த சன்னல்'தான். அதன் வழியே போன ஒலி திரும்புவதில்லை. முற்றமோ அறுபது சதுர மீட்டர் திறந்த சன்னல் எனலாம். அங்கே சிறு பெட்டி ஒலிபெருக்கி மூச்சுத் திணறும். சிக்கனமான பழைய அகன்ற கூம்பு சுவரோரத்தில் நின்று எளிதாகப் பேசும்.

வாங்குமுன் மல்டிமீட்டரால் சுருளை அளந்து பாருங்கள். 8 ஓம் ஒலிபெருக்கி 6 அல்லது 7 காட்டும். 16 ஓம் வகை 12 அளவில் காட்டும். இது பழுதன்று, மீட்டர் நேர்மின்தடையை மட்டுமே அறியும். 16 ஓம் வகையை டிரான்சிஸ்டர்ப் பெருக்கியில் தயங்காமல் இணைக்கலாம், 8 ஓமுக்குக் கிடைக்கும் திறனில் பாதி கிடைக்கும். 3 ஓம் வகையை இணைக்குமுன் பெருக்கி அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். வால்வுப் பெருக்கியை ஒலிபெருக்கி இல்லாமல் இயக்கக் கூடாது. சுமையற்ற மின்மாற்றியில் எழும் உயர் மின்னழுத்தம் அதன் காப்பைத் துளைத்துவிடும். டிரான்சிஸ்டர்ப் பெருக்கி சுமையின்றி நிம்மதியாக இருக்கும், ஆனால் முனைகள் இரண்டும் தொட்டுக்கொண்டால் பொறுக்காது. கூம்பின் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். துணி அல்லது மடித்த காகிதமாக இருந்தால் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் உழைக்கும். 1970-களில் பரவிய நுரை விளிம்பாக இருந்தால் விரல் பட்டதும் பொடியாக உதிரும். அப்போதும் கூம்பை எறிய வேண்டியதில்லை. புது விளிம்பை ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள்.