நிரப்பும் படிவத்தின் கதை

1993-ல் அடோபி நிறுவனம் பி.டி.எஃப். கோப்பை வெளியிட்டபோது அது கணினியில் தெரியும் காகிதம், அவ்வளவுதான். விண்ணப்பத்தை அச்சிட்டுப் பேனாவால்தான் நிரப்ப வேண்டும். 1996-ல் அக்ரோபாட் 3.0 வந்த பிறகே கட்டங்களுக்குள் நேரடியாகத் தட்டச்சு செய்ய முடிந்தது.

ஆனால் கட்டங்களின் எண்ணிக்கை மாறாது. மூன்று பிள்ளைகளுக்கு இடம் விட்ட படிவத்தில் நான்காவது பிள்ளையின் பெயரை எங்கே எழுதுவது? கனடாவின் ஜெட்ஃபார்ம் நிறுவனம் 1999-ல் முன்வைத்த எக்ஸ்.எஃப்.ஏ. முறை இதற்கு விடை சொன்னது. விவரம் கூடக்கூடப் படிவமும் வளரும்! ஆக்சீலியோ எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தை 2002-ல் அடோபி வாங்கியது. 2003-ல் அம்முறை பி.டி.எஃப். கோப்புக்குள் வந்தது. கனடாவின் குடியேற்றத் துறை உட்படப் பல அலுவலகங்கள் அதில் படிவங்கள் வெளியிட்டன.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அடோபியின் மென்பொருள் இல்லாத பெரும்பாலான கணினிகளில் அப்படிவங்கள் திறக்கவில்லை. 'காத்திருக்கவும்' என்ற ஒரு பக்கம்தான் தெரிந்தது. 2008-ல் பி.டி.எஃப். ஐ.எஸ்.ஓ. பொதுத்தரம் ஆனது. அத்தரத்தின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு எக்ஸ்.எஃப்.ஏ. முறையைக் கைவிட வேண்டியதாக அறிவித்தது. 1996-ன் எளிய கட்டங்களே நிலைத்தன.

விண்ணப்பிப்பவர் கையில் திறக்காத படிவம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்து என்ன பயன்?