சிற்றில் மணலும் கோலார் தங்கவயலும்

மணல், பூ, தழை முதலிய இயற்கைப் பொருள்களால் குழந்தைகள் செய்த கைவினையைப் பழந்தமிழ் இலக்கியம் கருத்தூன்றிப் பதிவு செய்துள்ளது. புறநானூற்று 243ஆம் பாட்டில் தம் இளமையை எண்ணி இரங்கும் முதியவர், மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய விளையாட்டையே முதலில் நினைவுகூர்கிறார். கலித்தொகையில் சிறுமியர் தெருவில் இழைத்த மணற்சிற்றிலைச் சிறுவன் காலாற் சிதைக்கிறான். ஐங்குறுநூற்றில் அலை பாவையைக் கவர, சிறுமி கண் சிவக்க அழுகிறாள். பிற்காலத்து ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிற்றில் சிதைத்தலைத் தனிப் பருவமாகவே கொண்டது. இவ்விடங்களில் எல்லாம் இடையூறு வெளியிலிருந்தே வருகிறது. கை அளையும் மணல் தூயது என்பது சொல்லாமலே கொள்ளப்படுகிறது.

இக்கொள்கை பொருந்தாத தமிழர் வாழிடம் ஒன்று உண்டு. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் கோலார் தங்கவயலில் சுரங்கப்பணியைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பெருமளவில் அங்குக் குடியேறின. பாறையைத் துகளாக்கி, சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய நுண்மணல் குடியிருப்புகளை அடுத்து மேடுகளாகக் குவிக்கப்பட்டது. 28.2.2001 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன, மேடுகள் எஞ்சின. அவற்றிலிருந்து மீண்டும் பொன் எடுக்கும் திட்டத்திற்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைந்தபோது, 13 மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவு இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருந்தது. காற்று மிகும் காலத்தில் அத்தூசி குடியிருப்புகளிலும் படிகிறது. அதிலுள்ள நுண்சிலிக்கா நுரையீரலுக்குத் தீங்கு பயப்பது.

பட்டினப்பாலையில், நெல்லைக் கவர வந்த கோழியை நோக்கி மகளிர் எறிந்த கனங்குழை, பொன்னணி பூண்ட கால்களையுடைய சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. அணிகலன் அங்கே ஒரு கணமே தடையாயிற்று. பொன்னை அகழ்ந்தோரின் மக்களுக்கோ விளையாட்டின் மூலப்பொருளாகிய மணலே ஆகாததாயிற்று. தமிழர் விளையாட்டுகளை ஆராய்வோர் பெயரும் முறையும் தொகுப்பதோடு அமையாமல், அவ்வவ்விடத்து மண்ணின் வரலாற்றையும் கருதுதல் வேண்டும்.

மழலையர் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். பாடத்திட்டம் மணல்விளையாட்டை எங்கும் ஒருபடித்தாக விதிக்கலாம்; தங்கவயலில் அதனை அப்படியே மேற்கொள்ளுதல் தகாது. அங்கு உதிர்ந்த இலை, பூ, நெற்று ஆகியவற்றைக் கழுவித் துடைத்துக் கைவினைக்குக் கொடுப்பதே ஏற்புடையது. மேடுகள் அகற்றப்பட்டு நிலம் சீர்பெறும்வரை, சிற்றில் அவ்வூர்க் குழந்தைகளுக்கு ஏட்டில் மட்டுமே உரியதாகும்.