1895 உலக சாம்பியன் ஆட்டம்: சண்டர்லாந்து – ஹார்ட்ஸ்

1895 ஏப்ரல் 27 அன்று எடின்பரோவின் டைன்காசில் மைதானத்தில் இங்கிலாந்து லீக் சாம்பியன் சண்டர்லாந்தும் ஸ்காட்லாந்து லீக் சாம்பியன் ஹார்ட் ஆஃப் மிட்லோதியனும் மோதின. சண்டர்லாந்து 5–3 என்று வென்று ‘உலக சாம்பியன்’ எனப் பெயர் பெற்றது.

பட்டத்தை வழங்க அப்போது உலக அமைப்பு எதுவும் கிடையாது. ஃபிஃபா தோன்றியதே 1904இல்தான். என்றாலும் அதை வெறும் வீண்பெருமை என்று தள்ளிவிட முடியாது. வலிமையான கால்பந்து லீக்குகள் அன்று இந்த இரண்டு நாடுகளில்தான் நடந்தன.

சண்டர்லாந்துக்கு அது நான்கு ஆண்டுகளில் மூன்றாவது லீக் பட்டம். ஹார்ட்ஸுக்கு முதல் பட்டம். ஆனால் ஆட்டத்தின் உண்மையான சுவாரசியம் வீரர்கள் பிறந்த ஊர்களில் இருக்கிறது. இங்கிலாந்தின் பெயரில் இறங்கிய சண்டர்லாந்தின் பதினொரு பேரும் ஸ்காட்லாந்துக்காரர்கள்! கோல் மழை பொழிந்த ஜான் கேம்ப்பெல் பிறந்தது ரென்டன் கிராமத்தில். வழுக்கையை மறைக்கத் தொப்பியோடே ஆடிய கோல்கீப்பர் நெட் டாய்க், ஆர்ப்ரோத்திலிருந்து வந்தவர். கழகத்தை 1879இல் தொடங்கிய ஜேம்ஸ் ஆலனும் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பள்ளி ஆசிரியர்தான்.

காரணம் பணமும் ஆட்ட நுணுக்கமும். வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதை இங்கிலாந்து 1885இலேயே சட்டபூர்வமாக்கியது. ஸ்காட்லாந்து 1893 வரை அசையவில்லை. இந்த எட்டு ஆண்டு இடைவெளியில் திறமைசாலிகள் தெற்கே போய்விட்டார்கள். தனியாளாகப் பந்தை உருட்டிச் செல்வதே வழக்கமாயிருந்த இங்கிலாந்தில், பந்தை ஒருவருக்கொருவர் கடத்தி முன்னேறும் ஸ்காட்லாந்து பாணிக்குப் பெரும் கிராக்கி இருந்தது. அதைக் கொண்டுவந்தவர்களை ‘ஸ்காட்ச் பேராசிரியர்கள்’ என்றே அழைத்தார்கள். சண்டர்லாந்தின் மேலாளர் டாம் வாட்சன் அவர்களைத் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரர். ஆக, டைன்காசிலில் தோற்றது ஸ்காட்லாந்தின் கழகம்தான், அதன் ஆட்டமல்ல.

இத்தகைய மோதல் அதுவே முதல் முறையல்ல. 1888இல் ஸ்காட்லாந்துக் கோப்பையை வென்ற ரென்டன், இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனை 4–1 என்று தோற்கடித்துத் தன்னை உலக சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டது. 1895 ஆட்டத்தின் தனிச்சிறப்பு, மோதியவர்கள் பருவம் முழுவதும் ஆடி வென்ற லீக் சாம்பியன்கள் என்பதே.

அந்தச் சண்டர்லாந்து அணியை இன்றும் ஓவியத்தில் பார்க்கலாம். அதே ஆண்டு ஆஸ்டன் வில்லாவுடன் அது ஆடிய ஆட்டத்தைத் தாமஸ் ஹெமி வரைந்த பெரிய ஓவியம், கழகத்தின் ஸ்டேடியம் ஆஃப் லைட் அரங்கில் தொங்குகிறது.

வாட்சன் 1896இல் லிவர்பூலுக்குச் சென்று, 1901இல் அந்தக் கழகத்துக்கு முதல் லீக் பட்டத்தை வாங்கித் தந்தார். பல நாட்டுச் சாம்பியன்கள் இப்படி மோத, ஐரோப்பியச் சாம்பியன் கழகங்களுக்கான கோப்பை 1955இல்தான் வந்தது. அதில் முதலில் ஆடிய பிரிட்டன் அணி எடின்பரோவின் இன்னொரு கழகமான ஹிபர்னியன். அது அப்போது ஸ்காட்லாந்தின் சாம்பியன்கூட இல்லை.