விண்ட்ரஷ் கப்பலின் பழைய பேர்

விண்ட்ரஷ் கப்பலைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1948 ஜூன் 22 அன்று, கரீபியன் தீவுகளிலிருந்து 800-க்கும் மேற்பட்டவர்களை லண்டன் பக்கம் டில்பரியில் இறக்கிவிட்டது. சரியா 13 நாள் கழிச்சு பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை தொடங்குச்சு. அதன் வார்டுகளில் கரீபியன் நர்ஸ்களின் உழைப்பு எவ்வளவுன்னு எங்க துறையில் எல்லாருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாதது அந்தக் கப்பலோட பழைய பேர்: 'மாண்டே ரோசா'. ஹாம்பர்க்கில் கட்டின ஜெர்மன் டீசல் கப்பல். 1942-ல் நார்வேயிலிருந்து 46 யூதர்களை நாடு கடத்தினதும் இதே கப்பல்தான். ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோட மீண்டவங்க ரெண்டே பேர்.

1945-ல் பிரிட்டன் இதைப் போர்ப்பரிசா எடுத்துக்கிச்சு. 1947-ல் 'எம்பயர் விண்ட்ரஷ்'னு பேர் மாத்துனாங்க. விண்ட்ரஷ், இங்கிலாந்தில் ஓடுற ஒரு சின்ன ஆறு.

1954 மார்ச்சில் அல்ஜீரியா அருகே எஞ்சின் அறையில் தீ. அங்கே வேலை பார்த்த 4 பேர் பலி. பயணிகள் எல்லாரும் தப்பிச்சாங்க. கப்பல் மத்தியதரைக் கடல்ல மூழ்கிடுச்சு.