பாட்டுக்கு ஏது தீட்டு?

"சினிமாப் பாட்டா? அதைப் பள்ளி மேடையில் பாடுவதா?" என்று கேட்டார் பெரியவர் ஒருவர்.

குன்னூரில், பள்ளி ஆண்டு விழா நெருங்கிவிட்ட ஒரு பனி மாலை. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டொன்றைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். உழைப்பவனைப் பற்றிய பாட்டு. தாய் விடிந்தது முதல் கொழுந்து கிள்ளுகிறாள். மகள் அந்த உழைப்பின் பெருமையைப் பாடுகிறாள். கேட்ட நமக்கு நெஞ்சு நிறைந்தது. பெரியவரோ முகம் சுளித்தார். "நல்ல கீர்த்தனையாகப் பார்த்துக் கொடுங்கள்" என்று கூறிவிட்டு நடந்தார்.

சிறுமி நம்மைப் பார்த்தாள். விடை கூற வேண்டிய இடத்தில் நின்றவர் நாம். அன்றிரவு விடையைத் தேடினோம், வரலாற்றில் கிடைத்தது. அதையே தோழர்கள் முன் வைக்கிறோம்.

உயர்ந்த இசை எது, தாழ்ந்த இசை எது? இந்த வரப்பை வெட்டியவர் யார்? திரைப்பாட்டின் தாய் நாடகப்பாட்டு. அந்தத் தாயை வளர்த்தவருள் முதல்வர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த அவர், 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடகக் குழு கண்டார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் குந்தியிருந்தவன் காதுக்கும் பாட்டு எட்ட வேண்டும். எட்டியது! செங்கோட்டை கிட்டப்பா அப்படிப் பாடினார். கொடுமுடி சுந்தராம்பாள் அப்படிப் பாடினார். சபைக்குள் நுழைய இயலாத சாமானியன், கொட்டகையில் அமர்ந்து இசையை அறிந்தான்.

ஆனால், கொட்டகைக்குள்ளும் சாதி நுழைந்தது! மருத்துவர் குலத்தில் பிறந்த விசுவநாததாஸ், நாட்டு விடுதலையை நாடகப் பாட்டாக்கிச் சிறை சென்றவர். அவர் பாட்டுக்கு மயங்கிய ஊரிலேயே, அவரோடு சோடி சேர்ந்து நடிக்க மறுத்தவரும் இருந்தனர். குரல் வேண்டும், குலம் வேண்டாம் என்றது கூட்டம். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. வேடத்தைக் கும்பிடும் நாடு, வேடத்துக்குள் இருந்த மனிதனை எப்படி நடத்தியது? விடை சொல்லட்டும், கீர்த்தனை கேட்ட பெரியவர்.

1931-இல் 'காளிதாஸ்' வந்தது. படம் பேசத் தொடங்கியது. பேசியதைவிடப் பாடியதே மிகுதி. நாடக மேடை அப்படியே வெள்ளித்திரைக்கு இடம் மாறிற்று. 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமேற்ற சுந்தராம்பாளுக்கு ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் என்பர். வறுமையில் வளர்ந்த பெண்ணொருத்தியின் குரலுக்கு அந்நாளில் கிடைத்த விலை அது! பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை தியாகராஜ பாகவதர் நாடே கொண்டாடும் பாடகரானார். 1944-இல் வெளிவந்த அவரது 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

இங்கே நம்மைப் பற்றிய உண்மையொன்றை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். நம் பாட்டிக்குப் பாகவதர் என்றால் உயிர். அடுப்பருகே அமர்ந்து அந்தப் பக்திப் பாடல்களை முணுமுணுப்பார். கடவுள் இல்லை என்று வாதிடும் நாம், அந்தக் குரலில் கரைந்து நின்றிருக்கிறோம். இது முரண்பாடன்றோ என்று நண்பர் ஒருவர் நகைத்தார். நாமும் நெடுநாள் கலங்கினோம். பின்னர்த் தெளிந்தோம். அந்த இனிமை ஆண்டவன் அருளியதன்று. நாவும் நரம்பும் நாள்தோறும் உழைத்து ஈட்டியது. மெட்டமைத்தவன் மனிதன், எழுதியவன் மனிதன், பாடியவன் மனிதன். பாட்டைப் போற்றுவோம்; பாட்டின் கருத்தை அறிவுத் தராசில் நிறுப்போம். காதைத் திறந்து வைத்ததற்காக அறிவை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

பாட்டி பிறந்தது இலங்கை மலையகத்தில், ஒரு தோட்டத்து லயத்தில். அங்கே காமன் கூத்து உண்டு, அருச்சுனன் தபசு உண்டு, பொன்னர் சங்கர் உண்டு. தப்பொலி கேட்டால், கொழுந்துக் கூடை இறக்கிய தோள்கள் களைப்பை மறக்கும். அந்த மண்ணில் பாட்டு பொழுதுபோக்காக மட்டும் நிற்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் கூட்டங்களில் பாடியே மக்களைத் திரட்டினார். பேச்சு காதோடு நின்றபோது, பாட்டு லயத்துக்குள் நுழைந்தது.

1952-இல் தில்லியில் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரானவர் பி. வி. கேஸ்கர். நம் பெரியவரின் எண்ணமே அவர் எண்ணமும்! திரைப்பாட்டு தரக்குறைவு, வானொலியில் அதற்கு இடம் குறைய வேண்டும்! குறைந்தது. மக்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினர், இலங்கை வானொலி பக்கம். தமிழகத்துத் தெருக்களில் தமிழ்த் திரைப்பாட்டு கடல் கடந்து வந்து ஒலித்தது. 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதியைத் தொடங்கி, விரட்டிய பாட்டை அரசே வரவேற்க நேர்ந்தது. அந்த ஆண்டுகளில்தான் தோட்டத்துக் கடையின் வானொலி முன்னே சிறுமியாக நின்று பாட்டி பாட்டுக் கேட்டார்.

பாட்டு கடலைத் தாண்ட அனுமதிச் சீட்டு தேவைப்படவில்லை. மனிதருக்குத் தேவைப்பட்டது. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கு முடிந்தது. கேட்கப்படாமலே எண்ணப்பட்டவர்களுள் பாட்டியும் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் கடந்து, நீலகிரிக்கு வந்தார். தாயகம் திரும்பியோருக்கென 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், 1976-இல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. மீண்டும் தேயிலை, மீண்டும் கூடை, மீண்டும் குளிர்! "எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம், பாட்டை மட்டும் விடவில்லை" என்பார் பாட்டி. சுங்கச் சாவடியில் பிடுங்க முடியாத சொத்து அது ஒன்றுதானே!

திரைப்பாட்டில் குப்பை இல்லையா? உண்டு. பெண்ணைப் போகப் பொருளாக்கும் வரிகள் உண்டு. விதியை நம்பி வீழ்ந்து கிட என்னும் வரிகள் உண்டு. நடிகரைக் கடவுளாக்கும் கூத்தும் உண்டு. இவற்றைச் சாடுவோம். ஆனால், சினிமாவிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு பாட்டை ஒதுக்குவது பிறப்பைப் பார்த்து ஒதுக்கும் பழைய நோயின் இன்னொரு முகமே ஆகும்.

அந்த நோய்க்கு மருந்தும் திரைப்பாட்டிலேயே கிடைத்தது. 1949-இல் வெளிவந்த அண்ணாவின் 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபம் நிகழ்த்தினார். பழைய நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. புதிய கிந்தன் இரயிலேறிப் பட்டணத்துக்குப் படிக்கப் போகிறான். கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். நெருப்பு எங்கே, இரயில் எங்கே! காலட்சேபம் என்ற அவர்களுடைய கருவியையே எடுத்து, அவர்களுடைய கதையைத் திருப்பி எழுதினார் கலைவாணர். சிரித்தவர்கள் சிந்தித்தார்கள்.

1899 முதல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிவரும் நம் மலை இரயிலும் பாட்டால் புகழ்பெற்றது. 1998-இல் வந்த 'உயிரே' படத்தில், ஏ. ஆர். ரகுமான் இசைக்கு அதன் கூரைமீது ஆடினர். உலகமே கண்டு களித்தது. நாமும் களித்தோம். ஆனால், அந்த மலைச்சரிவுத் தேயிலைப் பசுமைக்குள் குனிந்திருக்கும் முதுகுகளைக் கண்டவர் எத்தனை பேர்? அந்த முதுகுகளைப் பாடத்தான், இருபத்தொன்பது வயதில், 1959-இல் மறைந்த பட்டுக்கோட்டையார் வேண்டும். அவர் பாட்டைப் பாட லைன் வீட்டுச் சிறுமி வேண்டும்.

விழா நாள் வந்தது. கிந்தனுக்கு எழுத்தை மறுத்த ஊரின் பக்கம் நிற்பதா, கிந்தன் பக்கம் நிற்பதா என்ற கேள்விக்கு நாம் விடை கண்டிருந்தோம். சிறுமி பாடினாள், பட்டுக்கோட்டையார் பாட்டையே பாடினாள்! முதல் வரிசையில் இருந்த பெரியவர் கைதட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை. கடைசி வரிசையில், வேலை முடிந்து நேரே வந்திருந்த தாய் நின்றபடி கேட்டாள். கொழுந்துக் கறை படிந்த விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசி வரிசைக்கு எட்டுவதற்காகப் பிறந்த பாட்டு, அன்றும் கடைசி வரிசைக்கு எட்டியது. இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும், தோழர்களே?